‘பிராமல்கேட்’ என்னும் வினைச்சொல்

ஒன்றைப் பலரறியச் சொல்லுதலாகிய தொழிலைக் குறித்தற்கு ஆங்கிலமொழியில் வினைச்சொற்கள் பல உள. ‘அனௌன்ஸ்’, ‘டிக்ளேர்’, ‘புரொக்ளெயிம்’, ‘பப்ளிஷ்’ என்பன அவற்றுட் சில. இவையெல்லாம் செய்தித்தாளிலும் மேடையிலும் நாடோறும் வழங்குவன. இவற்றோடு ஓரினமாய் வைத்தெண்ணப்படினும், இவற்றைப்போல் எங்கும் உலவாது, சட்டநூல்களிலும் திருச்சபையின் ஆணைகளிலும் மட்டுமே பெரும்பாலும் வாழ்ந்துவருஞ் சொல் ஒன்றுண்டு. அதுவே ‘பிராமல்கேட்’ என்பது. இதனைக் காணும் மாணவர் ‘அறிவித்தல்’ என்று பொருள்கொண்டு மேற்செல்வர். அப்பொருள் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதுமன்று. அறிவித்தல் என்னும் அளவில் நில்லாது, அறிவித்தலாலேயே ஒன்றை நிலைபெறச் செய்தல் என்னுங் கருத்தையும் இச்சொல் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கின்றது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இச்சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீன்மொழியிலுள்ள ‘புரோமுல்காரே’ என்னும் வினையினின்று இது பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. அவ்விலத்தீன் வினையின் வேரைப்பற்றி அறிஞர் இருதிறப்படக் கூறுவர். பொதுமக்கள் என்று பொருள்படும் ‘வுல்குஸ்’ என்னும் பெயரடியாகப் பிறந்து பின்னர் ஒலி திரிந்தது என்பார் ஒருசாரார். பால் கறத்தல் என்று பொருள்படும் ‘முல்கேரே’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்பார் மற்றொருசாரார். முன்னையோர் கூற்றின்படி இச்சொல் மக்கள் நடுவே வைத்தலைக் குறிக்கும்; பின்னையோர் கூற்றின்படி, மடியினுள் மறைந்துகிடந்த பாலைக் கறந்து வெளிக்கொணர்தல்போல உள்ளே அடங்கிக்கிடந்ததை வெளிக்கொணர்தலைக் குறிக்கும். இவ்விரண்டனுள் எது மெய்யாயினும், மறைவினின்று வெளிப்பாட்டிற்கு வருதல் என்பதே இச்சொல்லின் உயிர்நிலை என்பது தெளிவு.

உரோமாபுரியில் இச்சொல் வழங்கிய முறை நாம் கருதற்பாலது. இக்காலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்ட பின்னரே ‘பிராமல்கேட்’ செய்யப்படுகின்றது. பண்டை உரோமரோ, சட்டமாதற்குரிய முன்வரைவை மக்கள் தம் ஒப்பம் அளித்தற்கு முன்னரே பொதுவிடத்தில் எழுதி வைத்தனர்; அதனையே இச்சொல்லாற் குறித்தனர். அவ்வாறு வைத்த வரைவு மூன்று சந்தை நாட்களைத் தன்னகத்தே கொண்ட கால அளவுக்கு யாவருங் காண நிற்றல்வேண்டும். கி.மு. 98-ஆம் ஆண்டில் எழுந்த கேகிலிய திதியச் சட்டம் இவ்விதியை வலியுறுத்தியது. சந்தை நாட்களைக் கொண்டு காலத்தை அளந்ததன் நுட்பம் வியக்கத்தக்கது. நாட்டுப்புறத்து உழவன் தன் விளைபொருளை விற்க நகருக்கு வருவது சந்தை நாளில் அன்றோ? அவன் வந்து காணவும், பிறர் படிக்கக் கேட்கவும், தன் ஊர் சென்று அயலாரோடு ஆராயவும் இடமளித்த பின்னரே அவனைக் கட்டுப்படுத்துஞ் சட்டம் பிறத்தல்வேண்டும் என்பது அம்முறையின் உட்கருத்து.

இவ்வுரிமை உரோமருக்கு எளிதிற் கிட்டியதன்று. தொடக்கத்தில் அவர்தம் சட்டம் எழுத்தில் இல்லாது மேற்குலத்தாரின் நினைவில் மட்டுமே இருந்தது. எது குற்றம், எது குற்றமன்று என்பதை அவர் சொல்லியே பொதுமக்கள் அறிதல்வேண்டும். இதனை எதிர்த்துப் பொதுமக்கள் நெடுநாள் வாதாடியதன் பயனாகக் கி.மு. 451, 450-ஆம் ஆண்டுகளையொட்டிப் பன்னிரண்டு பலகைச் சட்டம் எழுதி வைக்கப்பட்டது. அதன்பின்னும் எந்நாளில் வழக்குத் தொடரலாம் என்னும் நாட்குறிப்பு குருமார் கையிலேயே இருந்தது. கி.மு. 304-ஆம் ஆண்டில், அடிமைநிலையினின்று விடுதலைபெற்ற ஒருவனுக்கு மகனாய்ப் பிறந்து, எழுத்தர் தொழிலினின்று உயர்ந்த கினேயஸ் பிளேவியஸ் என்பான் அந்நாட்குறிப்பை வெண்பலகைகளில் எழுதிப் பொதுமன்றத்தில் யாவருங் காண வைத்தான். அவன் புதிய சட்டம் எதனையும் இயற்றினானல்லன். இருந்ததை வெளிப்படுத்தினான், அவ்வளவே. ஆயினும் அவ்வளவினாலேயே ஒரு சிலர் கையிலிருந்த ஆற்றல் பலர் கைக்கு மாறிற்று.

இதற்கு மறுதலையான செயலொன்றையும் உரோம வரலாறு காட்டுகின்றது. கலிகுலா என்னும் பேரரசன் புதிய வரிகள் பலவற்றை விதித்து, அவற்றை வாயளவிற் கூறிவிட்டு, எழுத்தில் வெளியிடாதிருந்தான். விதியின் வாசகம் அறியாமையால் மக்கள் பலர் குற்றத்திற்கு உள்ளாயினர். அவர்கள் முறையிட்டு வேண்டவே, அச்சட்டத்தை மிகச் சிறிய எழுத்தில் எழுதுவித்து, யாரும் படியெடுக்க முடியாத குறுகிய இடத்தில் வைக்கச் செய்தான் எனச் சுவெட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். எழுதி வைத்தான் என்பது மெய்யே. எனினும் அஃது உண்மையில் வெளிப்படுத்துதல் ஆகுமோ? ஆகாது. கண்ணுக்கு எட்டாத எழுத்தும் காதுக்கு எட்டாத பறையும் ஒன்றே. ஆதலின் ‘பிராமல்கேட்’ என்னுஞ் சொல்லின் பொருள் நிறைவெய்த வேண்டுமாயின், சொல்வோன் சொல்லியது மட்டும் போதாது. கேட்போர் அறிதற்கு வழியும் இருத்தல்வேண்டும்.

இனி இச்சொல்லை இதன் உறவுச்சொற்களினின்று பிரித்துக் காண்பாம். ‘அனௌன்ஸ்’ என்பது தூதன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது; செய்தி கொண்டுவந்து சேர்த்தலே அதன் பொருள். புகைவண்டியின் வருகையை அறிவித்தற்கும், பரிசு பெற்றார் பெயரை அறிவித்தற்கும் அதுவே ஏற்றது. ‘டிக்ளேர்’ என்பது தெளிவாக்குதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. ஐயம் நீங்கத் தன் நிலையை உரைத்தல் அதன் கருத்து. ‘புரொக்ளெயிம்’ என்பதோ உரத்துக் கூவுதலைக் குறிப்பது. ஓசையும் பெருமிதமும் அதற்குரியன. ‘பிராமல்கேட்’ என்பதில் ஓசை இல்லை, அதிகாரம் உண்டு. ஒருவன் தன் தமக்கையின் திருமணத்தை ‘அனௌன்ஸ்’ செய்யலாம். மகிழ்ச்சி மிகுதியால் ‘புரொக்ளெயிம்’ செய்தான் எனினும் பொருந்தும். ‘பிராமல்கேட்’ செய்தான் என்பானாயின் கேட்போர் நகைப்பர். ஏனெனில், இவ்வினைக்கு எழுவாயாக நிற்போன் ஆணையிடும் உரிமையுடையவனாகவோ, ஒரு கொள்கையை உலகிற்கு வழங்கும் ஆசிரியனாகவோ இருத்தல்வேண்டும்; செயப்படுபொருளாக நிற்பது சட்டமோ, விதியோ, கட்டளையோ, கோட்பாடோ ஆதல்வேண்டும்.

ஒலியொற்றுமையால் இதனோடு மயங்குஞ் சொல் ஒன்றுண்டு. அது ‘புராபகேட்’ என்பது. அஃது உழவுத்தொழிலினின்று வந்தது. கொடியின் கிளையை வளைத்து மண்ணிற் புதைத்துப் பதியம் போட்டு வளர்த்தலே அதன் முதற்பொருள். ஆகவே, கோட்பாட்டை முதன்முதல் வெளிப்படுத்தி வழங்குதல் ‘பிராமல்கேட்’. வழங்கிய அதனை ஊரூராகப் பதியமிட்டுப் பரப்புதல் ‘புராபகேட்’. முன்னது ஒருமுறை நிகழ்வது. பின்னது நாடோறும் நிகழ்வது.

இச்சொற்களின் வேறுபாட்டை நம் இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலம் செவ்விதிற் காட்டுகின்றது. அதன் 25-ஆம் உறுப்பு, சமயத்தை மேற்கொள்ளுதலும் ஒழுகுதலும் பரப்புதலும் ஆகிய உரிமையைக் கூறுமிடத்துப் ‘புராபகேட்’ என்னுஞ் சொல்லை ஆள்கின்றது. 352-ஆம் உறுப்பு, நெருக்கடிநிலையைப் பற்றிக் கூறுமிடத்துக் குடியரசுத் தலைவர் ‘புரொக்ளமேஷன்’ வாயிலாக ‘டிக்ளரேஷன்’ செய்யலாம் என்கின்றது. முன்னது கருவி, பின்னது அக்கருவியால் தெளிவுறுத்தப்படுங் கருத்து. 123-ஆம் உறுப்போ, நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் கூடியிராத காலத்துக் குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் வெளியிடும் அதிகாரத்தைக் குறிக்குமிடத்துப் ‘பிராமல்கேட்’ என்னும் இச்சொல்லையே வைத்துள்ளது. மாநில ஆளுநர்க்கு 213-ஆம் உறுப்பிலும் இதுவே வரும். சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றுகின்றது. வெளியிடுதல் அதன்பின் நிகழ்வது. அவசரச் சட்டத்திற்கோ மன்றத்தில் ஆராய்ச்சியும் இல்லை, வாக்களிப்பும் இல்லை. அதனை வெளியிடுஞ் செயலே அதற்குப் பிறப்பு. ஆதலின் ஈண்டு இச்சொல்லன்றி வேறொன்று பொருந்தாது.

நம் தமிழ்ச் செய்தித்தாள்கள் இதனை ‘அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது’ என்று எழுதுகின்றன. அவ்வழக்கு இனிது. ஆங்கிலச்சொல் வெளிப்பாட்டை முன்வைத்துப் பிறப்பை உள்ளடக்கிற்று; தமிழ்ச்சொல் பிறப்பை முன்வைத்து வெளிப்பாட்டை உள்ளடக்கிற்று. கருவிலிருப்பதை உலகங் காணச் செய்தலே பிறப்பித்தல் அன்றோ?

பிறந்த அச்சட்டத்திற்கு ஆயுள் குறுகியது. மன்றம் மீண்டுங் கூடிய நாளினின்று ஆறு வாரங்கள் கழியுமாயின், அம்மன்றத்தின் ஒப்பம் பெறாதவழி, அது தானே மாயும். ஆயின் பீகார் மாநிலத்தில் 1967 முதல் 1981 வரை வெளியிடப்பட்ட 256 அவசரச் சட்டங்கள், மாயும் தறுவாயில் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டு, ஓராண்டு முதல் பதினான்கு ஆண்டுகள்வரை உயிர்வைத்திருக்கப் பெற்றன. பூனாவிலிருந்த பொருளியற் பேராசிரியர் ஒருவர் இதனை ஆராய்ந்து கண்டு வழக்குத் தொடுத்தார். 1986-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உச்சநீதிமன்றம் இவ்வழக்கம் அரசியலமைப்பை ஏமாற்றுதலேயாகும் எனக் கடிந்து தீர்ப்பளித்தது. ‘ரீபிராமல்கேட்’ என்னுஞ் சொல் நம் நாட்டுச் சட்டவுலகிற் பரவ இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. வெளியிடும் உரிமையை இயற்றும் உரிமையாக நீட்டித்தல் தகாது என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

சட்டம் அறிந்திலேன் என்று கூறுதல் நீதிமன்றத்தில் விடையாகாது என்பது யாவரும் அறிந்த முதுமொழி. கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் இவ்விதி ஒன்றே. ஊன்றி நோக்கின் இது மிகக் கொடிய விதியாகத் தோன்றும். இவ்விதிக்கு நேர்மை எங்கிருந்து வருகின்றது? அரசு தன் சட்டத்தை யாவரும் அறியுமாறு வெளிப்படுத்தியுள்ளது என்னும் ஒன்றிலிருந்தே வருகின்றது. அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன் குடிமகன் எனின், அறிவிக்கக் கடமைப்பட்டது அரசு. பின்னையது இல்லாதவழி முன்னையதும் இல்லை.

கிறிஸ்தவ உலகின் சட்ட அறிஞர் இதனை நெடுங்காலத்திற்கு முன்னரே கண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்த கிராசியன் என்பார், வெளியிடப்படும்போதே சட்டங்கள் நிலைநிறுத்தப்படுகின்றன எனக் கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தாமஸ் அக்குவினாஸ் சட்டத்திற்கு இலக்கணம் வகுக்குங்கால் நான்கு உறுப்புக்களை அமைத்தார். அறிவின்பாற்பட்ட ஆணையாதல், பொதுநலத்தை நோக்கியதாதல், சமுதாயத்தைக் காக்கும் பொறுப்புடையவரால் இடப்படுதல், வெளிப்படுத்தப்படுதல் என்பன அவை. வெளிப்பாட்டைச் சட்டத்தின்பின் வருஞ் சடங்காக அவர் கருதினாரல்லர். சட்டத்தின் இலக்கணத்திலேயே ஒருறுப்பாக வைத்தார் என்பது கருதத்தக்கது. இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சட்டம், வேறுவகை குறிக்கப்படாதவழி, உரோமையின் ஆணையேட்டில் வெளியிடப்பட்டு மூன்று திங்கள் கழிந்த பின்னரே கட்டுப்படுத்தும் வலிமை பெறுகின்றது. செய்தி உலகெங்குஞ் சென்று சேர்தற்கு விடுங் கால அளவு அது.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றதன்று என்பதற்கு நம் நாட்டு வழக்கொன்று சான்று. செயப்பூர் அரசில், அரசர் இளம்பருவத்தினராயிருந்தமையின், அமைச்சர் அவையொன்று ஆட்சி நடத்திற்று. அவ்வவை 1923-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானத்தால் நிறைவேற்றியது. ஆனால் அச்சட்டம் அரசிதழில் வரவில்லை. வேறெவ்வகையிலும் மக்களுக்கு அறிவிக்கப்படவுமில்லை. பல்லாண்டு கழிந்தபின் எளியோன் ஒருவன் அச்சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாக்கப்பட்டு ஐம்பது ரூபாய் தண்டம் விதிக்கப்பெற்றான். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1951-ஆம் ஆண்டில் நீதிபதி விவியன் போஸ் அவர்கள், மக்கள் அறியவும் இல்லை, முயன்றாலும் அறிந்துகொள்ள வழியும் இல்லை என்னும் நிலையிலுள்ள ஒரு சட்டத்தால் அவரைத் தண்டித்தல் இயற்கை நீதிக்கு மாறாகும் என்றும், அறையினுள் நிறைவேறிய தீர்மானம் மட்டும் சட்டமாகாது என்றும் தீர்ப்புரைத்தார். அவ்வெளியோன் விடுதலை பெற்றான். ஐம்பது ரூபாய்த் தண்டம் சிறிது. அதன்மேல் நின்ற கேள்வி பெரிது. ‘பிராமல்கேட்’ என்னும் ஒருசொல்லின் பொருளை ஆராய்தல் வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. ஒரு மனிதனின் விடுதலை அதனைப் பற்றி நிற்றலும் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் திருமறையிலும் இதனை விளக்கும் வரலாறொன்றுண்டு. எஸ்தரின் சரித்திரத்தைப் படித்தோர், ஆமானின் சூழ்ச்சியால் யூதரை அழிக்குமாறு அகாஸ்வேரு மன்னன் பெயரால் கட்டளை பிறந்ததை அறிவர். பெர்சிய மரபின்படி அரசன் முத்திரையிட்ட ஆணையை மாற்றுதல் இயலாது. ஆகவே யூதர் தம் உயிரைக் காத்துக்கொள்ள உரிமையளிக்கும் இரண்டாம் ஆணையொன்று எழுதப்பட்டது. இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரையிலுமுள்ள 127 நாடுகளுக்கும், அந்தந்த நாட்டின் எழுத்திலும், அந்தந்தச் சாதியாரின் மொழியிலும் அது எழுதப்பட்டு, விரைந்து செல்லும் பரிகளின்மேல் ஏறிய தூதர் வாயிலாக அனுப்பப்பட்டது. குறித்த நாளுக்குள் அது சென்று சேர்ந்திராவிடின், அன்றிச் சேர்ந்தும் படித்தறிய முடியாத மொழியில் இருந்திருப்பின், அவ்வாணையால் விளைந்த பயன் யாது? வெளிப்படுத்துதற்கு உறுப்பு இரண்டு: ஒன்று காலத்தாற் சேர்தல், மற்றொன்று கேட்போர் மொழியில் இருத்தல். அசோக மன்னன் தன் அறவுரைகளைக் கல்லிற் பொறித்தபோது, வடமேற்கெல்லையில் வாழ்ந்தோர்க்குக் கிரேக்கமொழியிலும் அரமேய மொழியிலும் பொறித்ததும், எழுத்தறியாதோர் கேட்குமாறு குறித்த நாட்களிற் படிக்கச் செய்யக் கலிங்கத்து அதிகாரிகளைப் பணித்ததும் இக்கருத்துப் பற்றியேயாம்.

நம் தமிழ்நாட்டில் இத்தொழிலைச் செய்தது முரசு. ‘பறை’ என்பது இசைக்கருவிக்கும் பெயர், சொல்லுதற்கும் பெயர். ‘அறைதல்’ என்பது அடித்தலுமாம், உரைத்தலுமாம். ஒலித்தலும் சொல்லுதலும் ஒருசொல்லில் அடங்கியமையின், பலரறியச் சொல்லுதலை நம் முன்னோர் எத்துணை இன்றியமையாததாகக் கருதினர் என்பது புலனாகும். மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதையில், முதுகுடிப் பிறந்த முரசறைவோன் யானைமேல் முரசேற்றி, இந்திரவிழா நிகழும் 28 நாட்களிலும் நகரமாந்தர் செய்வனவும் தவிர்வனவும் இவையென அறிவிக்கின்றான். சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையிலே சேரன் வடநாடு செல்லத் துணிந்தபோது, வடவேந்தர்க்கு முடங்கல் விடுத்தல்வேண்டும் என்று வில்லவன் கோதை கூற, அவர்தம் ஒற்றர் வஞ்சியிலேயே உளர், ஆதலின் நகரிற் பறையறைதலே போதும் என்று அழும்பில்வேள் கூறுகின்றான். ஒரூரில் அறைந்த முரசு பல நாட்டுச் செவிகளுக்கும் எட்டும் என்பது அவன் துணிபு.

ஈண்டு வருந்தத்தக்க செய்தியொன்றையும் கூறாதிருத்தல் முறையன்று. பறையறைந்து பலர்க்கும் அறிவித்த மக்களின் பெயரிலிருந்தே, விலக்கப்பட்டோன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்று பிறந்துள்ளது. ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவனை ஊருக்குப் புறத்தே நிறுத்திய நம் சமுதாயத்தின் பழியை அவ்வயன்மொழிச் சொல் உலகெங்கும் ‘புரொக்ளெயிம்’ செய்துகொண்டிருக்கின்றது. சிற்றூர்களில் தண்டோராப் போடும் வழக்கை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களைப் பணித்ததும் இவ்விழிவை நீக்குதற்பொருட்டேயாம். நற்செய்தி அறிவிப்போனுடைய பாதங்களை அழகியவென்று போற்றும் மறையை உடைய நாம், அறிவிப்போனை இகழ்தல் எவ்வாற்றானுந் தகாது.

இனி இச்சொல்லைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது? சட்டத்தைப் பற்றி வருமிடத்துச் ‘சாற்றி நிறுவுதல்’ எனலாம். சாற்றுதல் வெளிப்பாட்டையும், நிறுவுதல் அதனால் எய்தும் வலிமையையும் காட்டும். கோட்பாட்டைப் பற்றி வருமிடத்து ‘வெளிப்படுத்தி வழங்குதல்’ எனலாம். வெறும் ‘அறிவித்தல்’ என்பது ‘அனௌன்ஸ்’ என்பதற்கும், ‘பறைசாற்றுதல்’ என்பது ‘புரொக்ளெயிம்’ என்பதற்கும் நிற்கட்டும். ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இருக்கையில் இருத்துதல் மொழிபெயர்ப்போர் கடன்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி வகுத்த ஆவணத்தைப் போப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்டார். அச்செயலை ஆங்கிலத்தில் இவ்வினைச்சொல்லாலேயே குறிப்பர். இலத்தீனில் வெளிவந்த அவ்வாவணமே, அவரவர் தாய்மொழியில் வழிபாடு நிகழ்தற்கு வழிதிறந்தது. மக்கள் நடுவே வைத்தல் என்னும் பழம்பொருள் அன்று மீண்டும் நிறைவெய்திற்று எனலாம்.

இன்று அரசிதழ்கள் மின்வலையில் நொடிப்பொழுதில் வெளியாகின்றன. முரசும் பரியும் செய்யமாட்டாத விரைவு அது. எனினும், சட்டத்தின் நடை கற்றோர்க்கும் விளங்காததாய், மொழி பொதுமக்களுக்கு அயலதாய் இருக்குமளவும், கலிகுலாவின் சிற்றெழுத்து நம்மைவிட்டு முற்றும் நீங்கிற்று என்று கூறுதற்கில்லை. தமிழ் கற்கும் நமக்கு இதில் ஒரு பணி உண்டு. நம்மைக் கட்டுப்படுத்தும் விதிகளை, அவற்றால் கட்டுண்போர் தாமே படித்தறியும் தெளிந்த தமிழில் ஆக்கித் தருதலே அப்பணி. அதனைச் செய்வோர் கினேயஸ் பிளேவியஸைப் போலப் புதிய சட்டம் எதனையும் இயற்றுவாரல்லர். எனினும், இருந்ததை மக்கள் நடுவே வைத்த புகழ் அவர்க்கு உரியதாகும்.